மயக்க மருந்தும் மார்ஃபினும் ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் மூளையைக் காக்குமா?

செம்பூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். 67 வயது அப்பாவுக்கு அடுத்த வாரம் பைபாஸ். மயக்க மருந்துகளும் மார்ஃபின் என்ற வலி மருந்தும் ஆக்சிஜன் கிடைக்காத நேரத்தில் இதயத்தையும் மூளையையும் காப்பாற்றும் என்று எங்கோ படித்துவிட்டு, "இந்த மருந்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்கலாமா?" என்று கேட்கிறீர்கள். அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கிறது: "மளிகைக் கடைக் கணக்கை இன்னும் மனக்கணக்காகப் போடுகிற மனுஷன், பழையபடி வருவாரா?" நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது இந்த இரண்டாவது கேள்விதான் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் மும்பையில் மயக்கவியல் மருத்துவர். பரேலில் மாநகராட்சி மருத்துவமனையில் படித்தேன், பல வருடங்களாக இதய அறுவை அரங்கில்தான் வேலை. உங்கள் அப்பாவின் ஃபைலை நான் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு எது சரி என்று இங்கிருந்து சொல்ல முடியாது, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது பொய் இல்லை. எலியிலும் நாயிலும் முயலிலும் அந்த மருந்துகள் காப்பாற்றியது உண்மை. மனிதர்களிடம் அந்தப் பலன் பெரும்பாலும் தென்படவில்லை. ஆகவே மருந்தைப் பெயர் சொல்லிக் கேட்கத் தேவையில்லை. கேட்க வேண்டியவை வேறு சில இருக்கின்றன, அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். பைபாஸ் என்றால் மூளைக்கு ஆக்சிஜனை நிறுத்திவிடுவார்கள் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அப்படி இல்லை. இதய-நுரையீரல் இயந்திரத்தில் போட்டுச் செய்தால், இயந்திரம் ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றி உடம்புக்கும் மூளைக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் ரத்தம் இல்லாமல் இருப்பது இதயம் மட்டும்தான். அதையும் சும்மா விடுவதில்லை. பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி இதயத்தை நிறுத்துகிறோம். துடிக்காத, குளிர்ந்த இதயத்துக்கு ஆக்சிஜன் மிகக் கொஞ்சம்தான் தேவைப்படும். இந்தியாவில் கணிசமான பைபாஸ்கள் இயந்திரமே இல்லாமல், துடிக்கிற இதயத்தின் மீதே தைக்கப்படுகின்றன. உங்கள் சர்ஜன் எந்த வழியில் செய்யப்போகிறார் என்று தாராளமாகக் கேட்கலாம்.

சரி, மயக்க மருந்து காக்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? மூளை உடல் எடையில் வெறும் 2 சதவீதம். ஆனால் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சேமிப்பு என்று எதுவும் கிடையாது. ரத்த ஓட்டம் முழுக்க நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும், இருபது விநாடிக்குள் மூளையின் மின்னலைகள் தட்டையாகும், நாலைந்து நிமிடத்தில் செல்கள் சாகத் தொடங்கும். அந்த ஆக்சிஜனில் சுமார் 60 சதவீதம் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மின் வேலைக்குப் போகிறது. மீதி 40 சதவீதம் செல் உயிரோடு இருப்பதற்கு. தயோபென்டால் போன்ற பார்பிட்யூரேட் வகை மயக்க மருந்தை நிறையக் கொடுத்தால் அந்த 60 சதவீதத்தை ஏறக்குறைய நிறுத்திவிடலாம். செலவைக் குறைத்தால் பஞ்சத்தைத் தாங்கும் என்பது நியாயமான கணக்குத்தானே. 1970களில் பல ஆய்வகங்கள் இதை நம்பின.

அந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பாருங்கள். இரவில் கடையை மூடிவிட்டால் விளக்கு, ஃபேன் செலவு நிற்கும். உள்ளே இருக்கிற ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தயோபென்டால் கடையை மூடும், ஃப்ரிட்ஜைத் தொடாது. மாரடைப்பில் இதயம் நின்றுபோனவருக்கோ இருபது விநாடியில் கடை தானாகவே மூடிக்கொண்டது, மருந்து வந்து மூடுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. 1986-ல் வெளியான பெரிய பரிசோதனை இதைத்தான் காட்டியது. இதயம் நின்று மீட்கப்பட்ட, ஆனால் கோமாவில் இருந்த 262 பேரில் பாதிப் பேருக்குத் தயோபென்டால் கொடுத்துப் பார்த்தார்கள். உயிர் பிழைப்பதிலும் மூளை திரும்புவதிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் வரவில்லை. ரத்த ஓட்டம் முழுக்க நிற்காமல் குறைந்து மட்டும் போயிருக்கிற இடத்தில் இந்த மருந்து ஓரளவு உதவலாம் என்பதற்கு இன்றும் வாதம் இருக்கிறது. அதே 1986-ல், இதயத்தைத் திறந்து வால்வு மாற்றும் நோயாளிகளில் தயோபென்டால் நரம்புச் சிக்கல்களைக் குறைத்தது என்று இன்னொரு ஆய்வு சொன்னது. பைபாஸ் நோயாளிகளில் 1991-ல் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு நடக்கப்போவது பைபாஸ், வால்வு அல்ல.

அந்த ஃப்ரிட்ஜின் செலவையும் சேர்த்துக் குறைப்பது குளிர்தான். உடல் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் செலவு 6 முதல் 7 சதவீதம் குறையும். 1999-ல் நார்வேயில் பனிச்சறுக்கின்போது ஓடைப் பனிக்கடியில் சிக்கிக்கொண்ட சுவீடன் மருத்துவர் அன்னா போகென்ஹோல்ம் 80 நிமிடம் உள்ளே இருந்தார். மீட்டபோது இதயத் துடிப்பு இல்லை, உடல் வெப்பம் 13.7 டிகிரி. பிழைத்து, பிறகு மருத்துவராகவே வேலைக்குத் திரும்பினார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் வளைவை மாற்றும் அறுவை சிகிச்சையில் நாங்களே உடம்பை 18 டிகிரி வரை இறக்கி ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்துவதுண்டு. அப்போது பழக்கதோஷத்தில் தயோபென்டாலும் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் வேலையைச் செய்வது குளிர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்காகக் குளிர் எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் முடிவுகட்டிவிட வேண்டாம். அடிபடுவதற்கு முன்னால் குளிர்விப்பது ஒன்று, அடிபட்ட பிறகு குளிர்விப்பது வேறொன்று. இதயம் நின்று மீண்டவர்களை 33 டிகிரியில் வைப்பதையும், காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொள்வதையும் சுமார் 1,900 பேரில் ஒப்பிட்ட 2021-ஆம் ஆண்டு பரிசோதனையில் இரண்டும் சமமாகவே வந்தன. பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகளை 72 மணி நேரம் குளிர்விப்பது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. அதையே இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் செய்து பார்த்தபோது, குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்தார்கள். இதுவும் 2021-ல் வந்த முடிவுதான். வெளிநாட்டுக் கட்டுரையை அப்படியே இங்கே நம் வார்டுக்குள் கொண்டுவர முடியாது என்று மாணவர்களிடம் சொல்லும்போது நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இப்போது இதயத்துக்கு வருகிறேன். நீங்கள் படித்த கட்டுரையின் மூலக்கதை இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். 1986-ல் அமெரிக்காவில் ஒரு குழு, நாயின் இதய ரத்தக்குழாயை நான்கு முறை ஐந்தைந்து நிமிடம் அடைத்துத் திறந்தது. பிறகு அதே குழாயை 40 நிமிடம் அடைத்தது. முன்கூட்டி இப்படிப் பழக்கப்பட்ட இதயத்தில் செத்த தசையின் அளவு, பழக்கப்படாத இதயத்தில் இருந்ததில் நான்கில் ஒரு பங்குதான். சிறு அடி வாங்கிய இதயம் பெரிய அடியைத் தாங்கியது. பத்து வருடம் கழித்து, குழாயை அடைக்காமல் ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவைக் கொடுத்தாலே இதே பாதுகாப்பில் பெரும்பகுதி கிடைக்கிறது என்று விலங்குகளில் கண்டார்கள். செல்லுக்குள் இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு பொட்டாசியக் கதவு இதில் முக்கியப் பங்கு வகிப்பதாகத் தெரிந்தது. இதய மயக்கவியல்காரர்கள் எல்லோருக்கும் ஒரே உற்சாகம். வாயு மயக்கமா, நரம்பு வழியே புரோப்போஃபோல் மயக்கமா என்று கருத்தரங்குகளில் அணி பிரிந்து சண்டையே நடந்தது. 2019-ல் 13 நாடுகளில் 5,400 பைபாஸ் நோயாளிகளைக் கொண்ட பரிசோதனை வெளியாகி அந்தச் சண்டையை ஏறக்குறைய முடித்துவைத்தது. ஒரு வருடத்தில் இறந்தவர்கள் வாயுப் பிரிவில் 2.8 சதவீதம், மற்றதில் 3 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம்.

நாயிடம் பலித்தது மனிதரிடம் ஏன் பலிக்கவில்லை? உறுதியான பதில் கிடையாது, நியாயமான ஊகங்கள் உண்டு. ஆய்வக நாய்க்கு வயதாகவில்லை, சர்க்கரை வியாதி இல்லை. பைபாஸுக்கு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இரண்டும் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் இந்தப் பாதுகாப்பு மங்குகிறது, கிளைபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை அந்தப் பொட்டாசியக் கதவையே அடைக்கிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். (இதைப் படித்துவிட்டு அப்பாவின் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.) எனக்கு அதிகம் படுகிற காரணம் இன்னொன்று: குளிர்ந்த பொட்டாசியத் திரவமே இதயத்தை இவ்வளவு நன்றாகக் காத்துவிடும்போது, மருந்து கூடுதலாகக் காட்டுவதற்குப் பெரிதாக இடமில்லை.

மார்ஃபினுக்கும் இதே கதைதான், கொஞ்சம் சுவாரசியமான ஆரம்பத்தோடு. குளிர்கால உறக்கத்தில் இருக்கும் விலங்குகள் மிகக் குறைந்த ரத்த ஓட்டத்தில் மாதக்கணக்கில் சேதமில்லாமல் கிடக்கின்றன. அதில் உடம்பே சுரக்கிற, மார்ஃபினைப் போன்ற பொருட்களுக்குப் பங்கு இருக்கலாம் என்று சிலர் தேடினார்கள். 1990களின் நடுவில் எலி இதயத்தில் மார்ஃபின், நான் மேலே சொன்ன முன்பழக்கத்தைப் போலவே தசையைக் காத்தது. மார்ஃபினின் வேலையை முறிக்கிற நலாக்ஸோனைக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு மறைந்தது. மனிதர்களிடம் வந்தபோது படம் தலைகீழானது. 2005-ல் அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில், மார்ஃபின் கொடுக்கப்பட்டவர்களில் இறப்பு அதிகமாகத் தெரிந்தது. வலி அதிகம் உள்ளவருக்குத்தான் மார்ஃபின் கொடுப்பார்கள், அவர்கள் ஏற்கெனவே மோசமான நிலையில் இருந்திருக்கலாம். எனவே அந்தப் பதிவை வைத்து மார்ஃபின் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று: மார்ஃபின் வயிற்றின் ஓட்டத்தை மந்தமாக்கும், அதனால் டிகாக்ரெலார் மாதிரியான ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகள் ரத்தத்தில் சேரத் தாமதமாகும். மாரடைப்பு நேரத்தில் அந்தத் தாமதம் நல்லதல்ல.

கீட்டமைன் என்ற மயக்க மருந்து, ஜெனான் என்ற மயக்க வாயு பற்றியும் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். ஆக்சிஜன் இல்லாத மூளைச் செல் குளூட்டமேட் என்ற ரசாயனத்தைக் கொட்டும், அது பக்கத்துச் செல்லில் கால்சியம் நுழையும் கதவைத் திறந்துவிட்டு அந்தச் செல்லைக் கொல்லும். இந்த இரண்டு மருந்துகளும் அந்தக் கதவை அடைப்பவை. அதே கதவை அடைக்கும் வேறு மருந்துகள் பக்கவாதப் பரிசோதனைகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. ஜெனானை ஃபின்லாந்தில் இதயம் நின்று மீண்ட 110 பேரிடம் குளிர்வித்தலோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஸ்கேனில் மூளையின் வெள்ளைப் பகுதிச் சேதம் குறைவாகத் தெரிந்தது, உயிர்பிழைப்பில் உறுதியான வித்தியாசம் இல்லை. காற்றில் சுமார் ஒரு கோடியில் ஒரு பங்குதான் இருக்கிற வாயு, விலையைச் சொல்ல வேண்டியதில்லை. நம்மூர் அரங்கில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

விலங்கு ஆய்வுகளைப் படிக்கும்போது எத்தனையாவது நாளில் மூளையை எடுத்துப் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஐசோஃப்ளூரேன் கொடுத்த எலிகளின் மூளையை இரண்டு நாளில் பார்த்தால் சேதம் குறைவு. இரண்டு வாரம் விட்டுப் பார்த்தால் கொடுக்காத எலிகளோடு வித்தியாசமே இல்லை. மருந்து சாவைத் தடுக்கவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறது. அப்பா வீட்டுக்கு வந்து வருடக்கணக்கில் கணக்குப் போட வேண்டும், நமக்கு இரண்டாம் நாள் பலன் போதாது.

இனி அந்த மனக்கணக்கு. பைபாஸில் மூளைக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் மகாதமனியின் சுவரில் படிந்த கொழுப்பும் சுண்ணாம்பும் உடைந்து துகளாக மூளைக்குப் போவதாலும், ரத்த அழுத்தம் தாழ்வதாலும் வருகிறது. துகளை எந்த மயக்க மருந்தும் கரைக்காது. சர்ஜன் மகாதமனியை எவ்வளவு குறைவாகத் தொடுகிறார், நாங்கள் அழுத்தத்தை எவ்வளவு சீராக வைக்கிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது. 2001-ல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு, டிஸ்சார்ஜ் ஆகும்போது 53 சதவீதம் பேருக்கு நினைவாற்றல் சோதனைகளில் சரிவு, ஆறு மாதத்தில் 24 சதவீதம், ஐந்து வருடத்தில் 42 சதவீதம் என்று சொல்லிப் பலரைப் பயமுறுத்தியது. அதை இணையத்தில் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் இருக்காதீர்கள். அந்த ஆய்வில் அறுவை செய்யாத இதய நோயாளிகள் ஒப்பீட்டுக்கு இல்லை. பின்னால் அப்படி ஒப்பிட்டவர்கள், வருடங்கள் கழித்து வரும் சரிவு அறுவை செய்யாதவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவு இருப்பதைக் கண்டார்கள். வயதும் ரத்தக்குழாய் நோயும் செய்கிற வேலை அது. முதல் சில வாரங்கள் மறதியும் கவனச் சிதறலும் இருக்கலாம். பெரும்பாலோருக்கு அது மெல்லத் தெளிகிறது.

முதல் சில நாட்களில் வரும் மனக்குழப்பத்துக்கு நீங்கள் செய்யக்கூடியது நிறைய. ஐசியூவில் வயதானவர்கள் திடீரென்று இடம் தெரியாமல், ஆள் தெரியாமல் பேசுவார்கள், குழாய்களைப் பிடுங்குவார்கள். மும்பையில் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதில் கூடுதல் சிரமம் இருக்கிறது. மயக்கம் தெளிந்து கண் திறந்தால் சுற்றிலும் மராத்தியும் இந்தியும்தான் கேட்கும். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் என்றால் முன்கூட்டியே நர்ஸ் இன்சார்ஜிடம் சொல்லிவையுங்கள். மலையாள நர்ஸ்கள் இல்லாத ஐசியூ இங்கே குறைவு, அவர்களில் பலர் தமிழில் சமாளிப்பார்கள். வலி, தண்ணீர், மூச்சு, சிறுநீர் என்று நாலு சொல்லை அவர்கள் படிக்கிற எழுத்தில் எழுதிக் கட்டிலில் ஒட்டுங்கள். மூக்குக் கண்ணாடி, காது மெஷின் இருந்தால் முதல் நாளே கையில் கிடைக்க வேண்டும். பார்வை நேரத்தில் யாராவது ஒருவர் போய் என்ன நாள், எந்த ஊர், பேரன் என்ன செய்தான் என்று பேசுங்கள். நான் பார்த்தவரையில் இதற்கு இருக்கிற மதிப்பு எந்த ஊசிக்கும் இல்லை.

வலி மருந்து ஆக்சிஜனைக் காப்பது உண்மையில் இங்கேதான், நீங்கள் படித்த கட்டுரை சொல்கிற வழியில் அல்ல. நெஞ்செலும்பைப் பிளந்து தைத்தவர் வலிக்குப் பயந்து இருமமாட்டார், ஆழமாக மூச்சு இழுக்கமாட்டார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், ஆக்சிஜன் இறங்கும். வலியை அடக்கினால் இருமுவார், மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியில் மூச்சை ஆழமாக உள்ளே இழுப்பார். "மார்ஃபின் வேண்டாம் டாக்டர், அடிமையாகிவிடுவார்" என்று வரும் குடும்பங்களிடம் இதைத்தான் சொல்கிறேன். சில நாள் வலிக்காகக் கொடுப்பதில் அந்தப் பயம் மிகக் குறைவு. நிஜமான ஆபத்து, அளவு மிஞ்சினால் மார்ஃபினும் அதே வகை மருந்தான ஃபென்டனிலும் மூச்சையே மந்தமாக்குவது. அதனால்தான் இப்போது பல இடங்களில் பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்து, முதுகுத் தசைக்கு அடியிலோ நெஞ்செலும்பின் பக்கத்திலோ மரத்துப்போகும் ஊசி போட்டு, மார்ஃபினைக் குறைக்கப் பார்க்கிறோம். வீட்டுக்கு வந்த பிறகு வலி என்றால் டைக்லோஃபினாக், இபுபுரோஃபென் வகையறாவைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். பைபாஸுக்குப் பிறகு அவை மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகின்றன.

மருந்தின் பெயருக்குப் பதிலாக மயக்க டாக்டரிடம் இவற்றைச் சொல்லுங்கள், கேளுங்கள். அப்பா தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு நடுவே மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறாரா? அம்மாவைக் கேட்டால் தெரியும். அப்படி இருந்தால் மார்ஃபின் அளவும் கண்காணிப்பும் மாறும். முன்பு எப்போதாவது மயக்கம் கொடுத்தபோது சிக்கல் வந்ததா? ஆடும் பல் இருக்கிறதா? எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டுபோங்கள். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறார் என்றால் அதை இன்றே ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள், வழக்கமாக மூன்று நாளாவது முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மூளையின் ஆக்சிஜனைப் பார்க்க நெற்றியில் ஒட்டும் பட்டை அங்கே உண்டா என்றும் கேட்கலாம். அது கட்டாயம் வேண்டும் என்பதற்குச் சான்று இன்னும் கலவையாகத்தான் இருக்கிறது, ஆகவே இல்லை என்றால் மருத்துவமனையை மாற்றாதீர்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த மூன்று பந்துக் கருவியை இப்போதே வாங்கி வீட்டில் பழக்கிவிடுங்கள், அறுவைக்குப் பிறகு வலியோடு புதிதாகக் கற்றுக்கொள்வது கஷ்டம்.